கமலம் ஏன் மூணு தடவை கடைக்குப் போனாள்?

ஞானக்கூத்தனின் 'சைக்கிள் கமலம்' கவிதையைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். மைதானத்தில் சைக்கிள் பழகிய ஒரு பெண் தம்பியைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறாள், கடைக்குப் போகிறாள், மாடோ குழந்தையோ எதிரே வந்தால் இறங்கிக்கொள்கிறாள், ஒருதடவை கவிதை சொல்கிறவர் மேலேயே ஏற்றிவிடுகிறாள். அவ்வளவுதான்.

ஆனால் ஒரு கணக்கு உதைக்கிறது. கடுகுக்கு ஒரு நடை, மிளகுக்கு இன்னொரு நடை, கூடுதல் விலைக்குச் சண்டை போட மூணாவது நடை. ஒரே நடையில் முடிகிற வேலை இது. கமலம் மறதிக்காரியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. "சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்" என்று அவளால் வீட்டில் சொல்ல முடியாது. கடுகு தீர்ந்துபோச்சு என்று சொல்லலாம். கவிதையின் சந்தோஷம் முழுக்க அந்தத் தேவையில்லாத இரண்டு நடையில்தான் இருக்கிறது.

வட சிலாங்கூரில், கலும்பாங் பக்கத்துத் தோட்டங்களை மனசில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் வேறொரு கேள்வி வருகிறது. நம் தோட்டப்புறக் கதைகளில் கமலம் ஏன் இவ்வளவு அரிதாக வருகிறாள்? சைக்கிள் வராமல் இல்லை. பெரட்டு முடிந்து இருட்டோடு வெட்டுக்காட்டுக்குப் போகிறவரின் சைக்கிள் வரும், இரண்டு பக்கமும் பால்வாளி தொங்கும். கிராணியின் சைக்கிள் வரும், மணிச் சத்தத்திலேயே அதிகாரம் தெரியும். ஒன்று பாரம், இல்லையென்றால் பயம்.

வரலாறும் இதே வேலையைத்தான் செய்கிறது. மலாயாவில் சைக்கிள் என்றதும் 1941 டிசம்பரில் வந்திறங்கிய ஜப்பானியப் படை நினைவுக்கு வரும். டயர் போனாலும் வெறும் ரிம்மிலேயே ஓட்டிக்கொண்டு போனார்கள். 1942 ஜனவரி 7இல் சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் படை உடைந்தது. 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. தஞ்சோங் மாலிமைத் தாண்டி, கலும்பாங் வழியாகத் தெற்கே போகிற அந்தப் பெரிய ரோடுதான் அவர்களுக்கும் வழி. அதே ரோட்டில் சம்பளம் வாங்கின மறுநாள் முன்பாரில் பிள்ளையையும் கேரியரில் பெண்டாட்டியையும் வைத்துக்கொண்டு பெக்கானுக்குப் போனவரைப் பற்றி எந்த வரலாற்றுப் புத்தகமும் பேசாது. அது இலக்கியம் செய்ய வேண்டிய வேலை.

"அடிமைப்பட்டுக் கிடந்த வாழ்க்கையில் என்னய்யா சைக்கிள் சுகம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. துன்பத்தை மழுப்பினால் தோட்ட முதலாளிக்குத்தான் லாபம். ஆனால் இந்த சுகம் முதலாளி கொடுத்தது இல்லை. லயம், பெரட்டுக் களம், பால் ஸ்டோர், கடை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாமே தோட்ட எல்லைக்குள் அடங்கிய உலகம் அது. கடன் புத்தகத்தில் பெயர் ஏறிவிட்டால் அந்த ஒரு கடைதான், அவன் சொல்கிற விலைதான். சைக்கிள் இருந்தால் பெக்கானில் இன்னொரு கடையில் விலை கேட்டுப் பார்க்கலாம். கமலத்தின் மூணாவது நடையை இங்கிருந்து பார்த்தால் அது விளையாட்டாகத் தெரியவில்லை. சுகமும் சுதந்திரமும் அந்த நடையில் ஒன்றாகத்தான் போகின்றன.

கவிதைமேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. கமலத்தைத் தெருவில் நின்று பார்க்கிற ஒருவர்தான் பேசுகிறார். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறவளுக்கு என்ன தோன்றியது என்று நமக்குத் தெரியாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகியதைப் பற்றி பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அங்கே ஓட்டுகிற பெண்களே பேசுகிறார்கள். பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம், அப்பாவையோ புருஷனையோ எதிர்பார்க்க வேண்டாம் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய விஷயம்.

நம் பக்கத்தில் அந்தக் குரலைக் கேட்க இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. கித்தா போய் செம்பனை வந்துவிட்டது. சைக்கிள் போய் கப்சாய் வந்துவிட்டது. தோட்டத்தில் வளர்ந்த பாட்டிகளிடம் கஷ்டத்தைக் கேட்டால் மளமளவென்று சொல்வார்கள், பலதடவை சொல்லிப் பழகிய கதை அது. சைக்கிளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். செம்மண் ரோட்டு இறக்கத்தில் மிதிக்காமல் விட்டால் பின்சக்கரம் போடுகிற கிர்ரென்ற சத்தம், மிதிக்கிற வேகத்துக்கு ஏற்றபடி கூடிக் குறையும் டைனமோ வெளிச்சம், ரெண்டு பக்கமும் ஓடுகிற மர நிரை. முகமே மாறிவிடும்.

எழுத வருகிறவர்கள் பால்வாளியை விட்டுவிட வேண்டாம். வாளியை இறக்கி வைத்த பிறகு அந்த சைக்கிள் எங்கே போனது என்பதையும் எழுதுங்கள். வீட்டில் கடுகு இருக்கும்போதே கடைக்குக் கிளம்பிய ஒருத்தி கலும்பாங்கிலும் இருந்திருப்பாள்.