‘முன்கணிப்பு’ என்னும் சொல்லின் எல்லை: தண்டுவட மயக்கமும் மீயொலி அளவீடும்

முன்னுரை

தண்டுவடத்தில் மயக்க மருந்து செலுத்தப்பட்ட சில நிமிடங்களில் பலருக்கு இரத்த அழுத்தம் சரிகிறது. பரிவு நரம்புகள் செயலிழப்பதால் குருதிக் குழாய்கள் தளர்கின்றன. இதயத்திற்குத் திரும்பும் குருதி குறைகிறது. மகப்பேற்று அறுவையில் இச்சரிவு தாயோடு சேயையும் தாக்கும். யாருக்குச் சரியும் என்பதை முன்னரே அறிய, மூச்சிழுக்கையில் கீழ்ப்பெருஞ்சிரை எவ்வளவு சுருங்குகிறது என்பதை மீயொலிக் கருவியால் அளக்கின்றனர். பெரும விட்டத்திலிருந்து சிறும விட்டத்தைக் கழித்துப் பெரும விட்டத்தால் வகுத்து, விழுக்காடாகச் சொல்வதே சுருங்கு குறியெண். இக்குறியெண்ணுக்கு உரிமையாக்கப்படும் ‘முன்கணிப்பு’ என்னும் தகுதியை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

வரம்பெண்ணின் பிறப்பு

இவ்வகையில் முதலில் நோக்கத்தக்கது ஜாங், கிரிட்ச்லி ஆகியோர் 2016-இல் ‘அனஸ்தீசியாலஜி’ இதழில் வெளியிட்ட ஆய்வு. அது ஆராய்ந்தது தண்டுவட மயக்கத்தை அன்று, முழு மயக்கத்தை. அதில் 90 பேருள் 42 பேருக்கு அழுத்தம் சரிந்தது. 43 விழுக்காடு என்னும் வரம்பெண், சரிந்தோருள் 78.6 விழுக்காட்டினரையும் சரியாதோருள் 91.7 விழுக்காட்டினரையும் சரியாக இனங்கண்டது. ஆயினும் அவ்வெண் அதே 90 பேரின் தரவிலிருந்தே தெரிவுசெய்யப்பட்டது. வினாத்தாளைப் பார்த்தபின் எழுதிய தேர்வின் மதிப்பெண்ணை அறிவின் அளவாகக் கொள்ள இயலாது. மேலும் 13.5 விழுக்காட்டினரிடம் சிரையைப் படம்பிடிக்கவே முடியவில்லை. அவர்கள் கணக்கில் சேரவில்லை.

மேற்கண்ட எண்களைக் கொண்டு கணக்கிட்டால் எச்சரிக்கப்பட்டவர் 37 பேர். அவருள் தவறாக எச்சரிக்கப்பட்டவர் நால்வர். நூற்றுக்குப் பத்துப் பேருக்கே அழுத்தம் சரியும் மக்கள்தொகுதியில் இதே வரம்பெண்ணைப் பயன்படுத்தினால், ஏறத்தாழ எட்டு எச்சரிக்கைகள் சரியாகவும் ஏழெட்டு தவறாகவும் அமையும். ‘சரிவு’ என்பதற்கு ஆய்வாளர் தரும் வரையறை மாறினாலே சரிந்தோர் எண்ணிக்கையும், அதனால் எச்சரிக்கையின் மதிப்பும் மாறிவிடும்.

அறிதலும் செயலும்

தண்டுவட மயக்கத்தை நேரே ஆராய்ந்தது செருட்டி குழுவினர் 2018-இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் அனஸ்தீசியா’வில் வெளியிட்ட ஆய்வு. 160 பேரில் மீயொலி வழிகாட்டலில் திரவம் பெற்ற பிரிவில் 27.5 விழுக்காட்டினருக்கும், மற்றப் பிரிவில் 42.5 விழுக்காட்டினருக்கும் அழுத்தம் சரிந்தது. இது முன்கணிப்பைச் சோதித்த ஆய்வன்று. முன்கணிப்பின்படி செயல்பட்டால் பயனுண்டா எனச் சோதித்தது. அவ்வகையில் இது ஒருபடி மேல். எனினும் மீயொலிப் பிரிவினர் அதிகத் திரவமும் பெற்றனர். அளவீடின்றி அனைவருக்கும் அதே அளவு திரவம் தந்த மூன்றாம் பிரிவு இல்லாமையால், பயன் கருவியினுடையதா, திரவத்தினுடையதா என்பது பிரித்தறியப்படவில்லை.

வேங்கிக்காலில் வைத்து நோக்கல்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் பகுதியில், சித்திரை வெயிலில், முந்தைய இரவிலிருந்து நீரும் அருந்தாமல் ஜவ்வாது மலையிலிருந்து வந்து அறுவைக்குக் காத்திருக்கும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். தெளிந்த நீரை அறுவைக்கு இரண்டு மணிநேரம் முன்புவரை அருந்தலாம் என்னும் நெறியில் வந்தவரின் சிரையும் இவரது சிரையும் ஒன்றல்ல. அயலகத்து வரம்பெண் இவரிடம் நோயின் இயல்பைக் காட்டுகிறதா, வெறும் நீர்க்குறைவைக் காட்டுகிறதா? நிறைமாதத் தாயிடம் சிக்கல் மேலும் கூடும்: மல்லாந்து படுக்கையில் கருப்பையே சிரையை அழுத்துவதால் விட்டத்தின் பொருள் மாறுகிறது. முன்னறிவு மிகத் தேவைப்படுவோரிடமே அளவீடு ஐயத்திற்குரியதாகிறது.

முடிவுரை

தொடர்பு, முன்கணிப்பு, செயற்பயன் ஆகிய மூன்றும் வெவ்வேறு நிலைகள். இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவது தொடர்பு. புதிய நோயாளிகளிடம் வரம்பெண் நிலைப்பது முன்கணிப்பு. அதன்படி செயல்பட்டு நோயாளி நலம்பெறுவது செயற்பயன். முதலாவதை நிறுவிவிட்டு மூன்றாவதின் மொழியில் முடிவெழுதுவதே இத்துறை ஆய்வுகளில் நேரும் பிழை. தமிழில் ‘கணிப்பு’ என்பது கணக்கிடுதலையும் எதிர்காலம் சொல்லுதலையும் ஒருங்கே குறிப்பதால் இப்பிழை கண்ணுக்குத் தெரியாமல் நுழைகிறது. வரம்பெண்ணை உள்ளூர் நோயாளிகளிடம் புதிதாகச் சோதித்து, அளக்க இயலாதோரையும் கணக்கில் காட்டிய பின்னரே அச்சொல்லை ஆளுதல் தகும். அதுவரை மீயொலி மயக்கவியல் மருத்துவரின் விழிப்புக்குத் துணை. அதற்கு மாற்று அன்று.