பழைய லேப்டாப்புக்கு ரீசெட் போதுமா?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அதே மாவட்டத்தின் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் அந்த ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்த வீட்டில், அந்த லேப்டாப் டிவி ஸ்டாண்டுக்கு அடியிலாவது கிடக்கும். 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7, கூடவே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். முதல் சுற்றில் தந்தது இவ்வளவுதான். அது திறக்கவே பத்து நிமிடம் எடுத்தால் ஊரில் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "ஃபார்மட் அடிச்சுடு."

இந்த வைத்தியத்துக்கு அதன் தகுதிக்கு மேல் பெயர் கிடைத்துவிட்டது. ஃபார்மட் என்றாலும் ரீசெட் என்றாலும், விண்டோஸைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவதுதான். வைரஸோ, வேண்டாத புரோகிராம்களோ காரணமென்றால் குணமாகும். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு தேய்ந்துபோனதுதான் காரணமென்றால், ஓட்டைப் படகுக்கு வர்ணம் அடித்த கதைதான். அதைவிட மோசமும் நடக்கலாம்: ரீசெட் பல ஜிபியை ஒரே மூச்சில் எழுதுகிறது, சாகக் கிடக்கும் டிஸ்க் அந்தச் சுமையிலேயே போய்விடும்.

ஆகவே முதலில் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5 என்று இரண்டு வரிகள் வரும். முதலாவது, கெட்டுப்போனதால் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகள். இரண்டாவது, படிக்க முடியாமல் திணறும் பகுதிகள். சி5-க்கு நேரே "ரா வேல்யூ" கட்டத்தில் பூஜ்யம் இல்லையென்றால் ரீசெட் பேச்சையே எடுக்கக் கூடாது. படங்களையும் சான்றிதழ் ஸ்கேன்களையும் வெளியே எடுப்பதுதான் அவசரம்.

இங்கே பலரை ஏமாற்றுவது டி டிரைவ். "எல்லாம் டி-யில இருக்கு, பத்திரம்" என்பார்கள். பெரும்பாலான லேப்டாப்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கில் போட்ட இரண்டு பாகம். ரீசெட்டில் "எல்லாவற்றையும் நீக்கு" என்பதைத் தேர்ந்தால், விண்டோஸ் உள்ள டிரைவை மட்டும் துடைக்கவா, எல்லா டிரைவையும் துடைக்கவா என்று கேட்கும். முதலாவதைச் சொன்னால் டி பிழைக்கும். ஆனால் டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

ரீசெட் வசதியே விண்டோஸ் 8-இல்தான் வந்தது. 2011 மெஷினில் விண்டோஸ் 7 அப்படியே இருந்தால் அந்தப் பட்டனே கிடையாது. பின்னால் வந்த விண்டோஸ் 10 மெஷின்களில் "கிளவுட் டவுன்லோடு" என்றொரு வழி காட்டும். அதற்கு 4 ஜிபிக்கு மேல் டேட்டா வேண்டும். தினம் ஒன்றரை ஜிபி தரும் மொபைல் பேக்கில் நடக்கிற காரியமா? உள்ளிருக்கும் கோப்புகளிலிருந்தே நிறுவும் வழி தேவலை. அதிலும் ஒரு கண்டம் உண்டு: பேட்டரி செத்த லேப்டாப்பில் பாதியில் கரண்ட் போனால், மெஷின் மறுபடி எழாமலே போகலாம்.

சரி, டிஸ்க்கை மாற்றுவதென்றால் எதை வாங்குவது? கழற்றிய ஹார்டு டிஸ்க்கின் மேல்மூடியைப் பாருங்கள். ஊசிமுனை அளவில் ஒரு துளை, பக்கத்தில் "மூடாதே" என்ற எச்சரிக்கை. உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக இருக்கத்தான் அது. வடிகட்டி தூசியைத் தடுக்கும். ஈரத்தை முழுதாகத் தடுக்காது. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல் உள்ள ஊரில் இது சின்ன விஷயமல்ல. ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றாக வரும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, துளையும் இல்லை. உப்புக்காற்று அதன் இணைப்பு முனைகளையும் அரிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி எடுக்கும் வேகத்தில் ஹார்டு டிஸ்க் அதன் கிட்டேயே வராது; லேப்டாப் திறக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது அந்தத் தேடல்தான்.

கடையில் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். 2011 மெஷின்களில் அதற்கு இடமே இல்லை. இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 256 ஜிபி அளவு, முடிந்தால் டிஎல்சி வகை: இதற்கு மேல் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண். 2 ஜிபி ரேமில் விண்டோஸ் 10 மூச்சுவாங்கும். அதற்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பாஸ் போன்ற லினக்ஸ் போதும் என்பேன், ஒரு விலக்கோடு: டேலி விண்டோஸில்தான் ஓடும் என்பதால், அது படிக்கும் பிள்ளைக்கு இந்த யோசனை உதவாது.

ஆக, சொந்த உபயோகத்துக்கு எஸ்எஸ்டி. ரீசெட், லேப்டாப்பை அடுத்தவர் கையில் கொடுக்கும்போது. அப்போதும் சும்மா நீக்கினால் ஹார்டு டிஸ்க்கிலிருந்து படங்களை மீட்டுவிடலாம். நேரமானாலும் "டிரைவைச் சுத்தம் செய்" என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கல்யாண வீடியோவை மட்டும் எஸ்எஸ்டியில் போட்டு அலமாரியில் பூட்டிவைப்பதை நான் ஏற்கமாட்டேன். மின்சாரமே காணாத எஸ்எஸ்டியில் தரவு மெல்லக் கசியும். ஆயுள் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதுதான் ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பின் குறிப்பு கேட்பது. கத்திரி வெயிலில் ஷீட் போட்ட வீட்டுக்குள் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். பூட்டிவைக்கச் சுழலும் டிஸ்க்தான் தோது. சி5-இல் பூஜ்யம் காட்டிய பழைய டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டு ஒரு பிரதி, பொன்னேரியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் இன்னொன்று. ஐப்பசி மழை பிடிக்குமுன் இரண்டையும் செருகி, வீடியோ ஓடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.