சைக்கிளை விட்டு இறங்காமை

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில் தோட்டத் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைப் பட்டியலை வெறும் கூலிக் கணக்காகப் படிப்போர் உளர். சீனத் தொழிலாளிக்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்குப் பாதுகாப்பு, கூட்டம் கூடும் உரிமை என்று நீளும் அப்பட்டியலின் இடையே, துரைமாரும் தோட்ட அலுவலரும் எதிர்ப்படும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பதும் ஒன்றாக நிற்கின்றது. இதனைச் சில்லறைச் செய்தி எனத் தள்ளுவது பெரும் பிழை. கூலி உயர்ந்தால் சைக்கிள் வாங்கலாம். ஏறிச் செல்லும் உரிமையை எக்கூலியும் வாங்கித் தராது.

கையில் காசிருந்தும் வழியில் தாழ்த்தப்படும் இந்நிலை மலாயாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையில் பேராயராயிருந்த டேனியல் பெய்ன், 1882இல் புளோரிடா மாநிலத்தில் இரயிலேறினார். எழுபது வயதைக் கடந்த அம்முதியவரைக் கறுப்பர்க்கென ஒதுக்கிய பெட்டிக்குப் போகச் சொன்னார்கள். அவர் மறுத்தார், வண்டியினின்றும் இறக்கிவிடப்பட்டார். தனிப்பெட்டி முறை சட்டத்துக்கு உடன்பாடே என்று 1896இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் திருச்சபைகள் வாய்மூடவில்லை. அங்கே பீடமும் கட்டடமும் ஏடும் அம்மக்களின் சொந்தம் என்பதே காரணம். ஒருவர் பட்ட இழிவு ஊரார் அனைவரின் வழக்காக மாற, பேச ஓர் இடம் வேண்டுமன்றோ!

கிள்ளான் தொழிலாளிக்கு அவ்விடம் எது? தோட்டத்து மாரியம்மன் கோயில் நின்றது கம்பெனி நிலத்தில்; திருவிழாவுக்கும் துரையின் இசைவு வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலோ இலங்கைச் சைவர் சங்கத்தினுடையது. சொந்த மன்றம் இருந்தது இரயில்வேயிலும் அரசாங்கத்திலும் பணிபுரிந்தோர்க்கே, பால்மரம் வெட்டியவர்க்கன்று. எனவே தொழிலாளியின் குரல் கோயிலுக்கு வெளியே, கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்திலும் பத்திரிகையிலும் எழவேண்டியதாயிற்று. சங்கத் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றியவர் என்பது தற்செயலன்று. மே மாதம் அவர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன, தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

இவ்வளவையும் வெள்ளையன்–தமிழன் பூசலாக மட்டும் கொள்வதற்கும் அப்பட்டியல் இடந்தரவில்லை. தொழிலாளி இறங்க மறுத்தது ஐரோப்பியத் துரைக்கு முன் மட்டுமா? ஆசிய அலுவலர்க்கு முன்னும் இறங்கமாட்டோம் என்கிறது கோரிக்கை. அவ்வலுவலருள் மலையாளிகளும் இலங்கைத் தமிழரும் இருந்தனர். கிராணியாரின் பெயரை நாசூக்காக விட்டுவிட்டு எழுதும் கட்டுரைகள், பட்டியலில் பாதியை மறைத்தே எழுதுகின்றன.

தாயகத்திலும் அந்நாளில் இதே நோய். தென்னிந்திய இரயில்வே நிலைய உணவுச்சாலைகளில் பிராமணர்க்கு ஓர் இடம், மற்றவர்க்கு வேறிடம். ஒரே வண்டியில், ஒரே கட்டணத்தில் வந்திறங்கியவர்கள் சோற்றுக்கு முன் பிரிக்கப்பட்டனர். பெரியார் ஈ.வெ.ரா.வின் இயக்கம் இதனை எதிர்த்துப் போராடியது. அவ்வழக்கம் ஒழிந்ததும் 1941இல்தான். கிள்ளான் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க மறுத்த அதே ஆண்டில்.