வெற்றி யாருடையது?
'பிகில்' திரைப்படமும் பெண்களின் உதைபந்தாட்டமும்

2019 ஆம் ஆண்டு மே மாதம் 22 ஆம் திகதி, பஞ்சாப் மாநிலத்தின் லூதியானா நகரிலுள்ள குருநானக் மைதானத்தில், மதுரையைச் சேர்ந்த சேது உதைபந்தாட்டக் கழகத்தின் பெண்கள் அணி மணிப்பூர்ப் பொலிஸ் அணியை மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று, இந்தியப் பெண்கள் லீக்கின் வாகையைச் சூடியது. அதற்கு ஐந்து மாதங்களின் பின், ஒக்டோபர் 25 ஆம் திகதி, தீபாவளியை ஒட்டி, அட்லி இயக்கி விஜய் நடித்த 'பிகில்' என்ற திரைப்படம் வெளிவந்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணியொன்று அகில இந்திய வெற்றியை ஈட்டுவதே அப்படத்தின் கதை. நடந்த வெற்றியைத் தமிழர்களில் அறிந்தோர் மிகச் சிலர். நடக்காத வெற்றியை அறியாத தமிழர் கடல் கடந்தும் இல்லை. ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவது இலக்கிய, கலை ஆர்வலர்களாகிய நம்முடைய கடமை. ஏனெனில், ஒரு சமுதாயம் தன் பெண்களின் உழைப்பை எவ்வாறு காண விரும்புகிறது, எவ்வாறு காண மறுக்கிறது என்னும் கேள்விக்கான விடை இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்திலேயே கிடக்கிறது.

முதலில் படத்தின் பக்கம் நிற்கும் நியாயங்களைக் கூறிவிடுவோம். வணிகத் திரைப்படமொன்று, அதுவும் உச்ச நட்சத்திரமொருவரின் படம், பெண்களின் உதைபந்தாட்டத்தைப் பொருளாகக் கொண்டமை சிறிய விடயமன்று. திருமணத்தோடு பந்தைக் கைவிட்ட காயத்ரி, ஒருதலைக் காதலனொருவன் வீசிய அமிலத்தால் முகம் சிதைந்து அறைக்குள் அடைந்துகிடக்கும் அனிதா என்னும் இரு பாத்திரங்களும் நம் வீடுகளிலிருந்தே எடுக்கப்பட்டவை. அவர்கள் மைதானத்துக்குத் திரும்பும் கட்டங்களில் அரங்கிலிருந்த பெண்கள் கண்ணீர் விட்டனர் என்றால், அக்கண்ணீரை ஏளனம் செய்வது விமர்சனமாகாது. அக்கண்ணீர் உண்மையானது. ஆனால், அதைப் படம் எந்தத் திசைக்குத் திருப்புகிறது என்பதையே நாம் ஆராய வேண்டும்.

ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் இப்படத்தில், பதினொரு பெண்கள் விளையாடுகின்றனர். ஒருவர் மட்டுமே வாழ்கிறார். அவ்வொருவர் பயிற்றுநர் மைக்கேல். அவருடைய தந்தை இராயப்பனாகவும் அதே நடிகரே தோன்றுகிறார். தந்தையின் வாழ்வும் மரணமும், மகனின் காதலும் சண்டையும், அவர் இழந்த ஆட்ட வாழ்க்கையும், அவரை அவமதித்த சங்கத் தலைவரோடு அவர் தீர்க்க வேண்டிய கணக்கும் படத்தின் பெரும்பகுதியை நிரப்பிவிடுகின்றன. பெண்களின் வெற்றி இறுதியில் அந்தக் கணக்கைத் தீர்க்கும் கருவியாகிறது. காயத்ரியின் கணவன் வீட்டாரோடு வாதாடுபவர் மைக்கேல், காயத்ரி அல்லர். அனிதாவுக்குத் துணிவை வழங்குபவர் மைக்கேல். அவளுடைய தோழியர் அல்லர். உடலியக்க மருத்துவம் கற்ற கதாநாயகியோ தன் தொழிலை மறந்து, நாயகனின் காதலியாக மட்டும் எஞ்சுகிறாள்.

பாண்டியம்மா என்னும் பாத்திரத்தின் நிலை இன்னும் பரிதாபமானது. ஆட்டத்தின் நெருக்கடியான கட்டத்தில், அவளுடைய உடற்பருமனைக் குறித்து ஏசி, அந்தச் சினத்தால் அவளை விளையாடத் தூண்டுகிறார் பயிற்றுநர். இது உளவியல் தந்திரம் என்று படம் சாதிக்கிறது. ஆனால், இதே ஏச்சைத்தான் தெருவும் வீடும் பாடசாலையும் அப்பெண்ணின் மீது நாள்தோறும் எறிகின்றன. தெருவின் வாயிலிருந்து வந்தால் கொடுமை, நாயகனின் வாயிலிருந்து வந்தால் ஊக்கம் என்று பிரித்துக் காட்டும் கலை, கொடுமையை எதிர்க்கவில்லை. அதற்கு உரிமம் வழங்குகிறது.

இது ஒரு படத்தின் தனிக் குறைபாடு என்று நாம் கருதவில்லை. 2016 இல் வெளிவந்த 'இறுதிச்சுற்று' குத்துச்சண்டைப் பெண்ணைக் காட்டியது. 2018 இல் வெளிவந்த 'கனா' கிரிக்கெட் ஆடும் உழவர் மகளைக் காட்டியது. 2019 ஆகஸ்டில் வெளிவந்த 'கென்னடி கிளப்' கபடி அணியைக் காட்டியது. இவற்றுள் 'கனா', மகளின் ஆட்டத்தையும் தந்தையின் கடன்பட்ட நிலத்தையும் ஒரே துயரமாகப் பிணைத்த வகையில் மேம்பட்டது. எனினும், எல்லாவற்றிலும் பெண்ணைக் கண்டெடுப்பவரும் செதுக்குபவரும் ஆணே. பெண் கல், ஆண் சிற்பி. சிற்பம் பேசத் தொடங்கினாலும் சிற்பியைப் பற்றியே பேச வேண்டும்.

இனி லூதியானாவுக்குத் திரும்புவோம். அங்கே வென்ற சேது அணியின் பயிற்றுநர் அமிர்தா அரவிந்த் என்ற பெண். கற்பனை செய்யத் தேவையில்லாத கதை அது: தமிழ்நாட்டு அணி, பெண்ணொருவரின் பயிற்சியில், உதைபந்தாட்டத்தின் தாய்நிலமாகக் கருதப்படும் மணிப்பூரின் அணியை வென்றது. அதற்கு முன்பே, 2018 பெப்ரவரியில், கட்டக் நகரில் நடந்த தேசியப் போட்டியிலும் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை இரண்டுக்கு ஒன்று என்று வென்றிருந்தனர். இந்திய அணியில் ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 இல் பெருந்தொற்று முடக்கத்தின்போது சென்னை வீதியில் கடமையில் நின்றவர். திரை தேடிய நாயகியர் திரைக்கு வெளியே, சம்பளத்துக்கு உழைத்துக்கொண்டு நின்றனர்.

இவர்களின் கதையில் வில்லன் யார்? 'பிகில்' படத்தில் வில்லன் ஒரு தனி மனிதர். அவர் தோற்றால் அநீதியும் தோற்றுவிடும். வாழ்க்கையில் வில்லனுக்கு முகம் இல்லை, அட்டவணை உண்டு. 2019 ஆம் ஆண்டின் இந்தியப் பெண்கள் லீக் மே 5 இல் தொடங்கி 22 இல் முடிந்தது. பன்னிரண்டு அணிகள், ஒரே நகரம், பதினெட்டு நாட்கள். வாகை சூடிய அணி ஆடியவை ஏழு ஆட்டங்கள். பஞ்சாபின் கோடை வெயிலில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஓர் ஆட்டம். பின்னர் லீக்கே மறைந்துவிடும். அதே பருவத்தில் ஜேர்மனியின் பெண்கள் புண்டஸ்லீகாவிலும் பன்னிரண்டு அணிகளே இருந்தன. 2018 செப்டெம்பரில் தொடங்கி 2019 மே வரை, சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணியின் மைதானத்தில் ஒன்று என, ஒவ்வோர் அணியும் இருபத்திரண்டு ஆட்டங்கள் ஆடியது, வொல்ஃப்ஸ்பேர்க் வென்றது.

பருவம் என்பது வெறும் காலக்கணக்கு அன்று. எட்டு மாதப் பருவம் இருந்தால் எட்டு மாதச் சம்பளம் கேட்கலாம். காயம் ஆறும் வரை காத்திருக்கலாம். தோற்ற ஆட்டத்திலிருந்து கற்று மீளலாம். சொந்த ஊரார் வந்து பார்க்கலாம். பதினெட்டு நாள் பருவத்தில் ஆட்டக்காரி தொழிலாளி அல்லள். திருவிழாவுக்கு அழைக்கப்பட்ட விருந்தாளி. இந்தியாவில் சொந்த மைதானமும் வெளி மைதானமுமாக லீக் நடைபெற 2023 டிசெம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் பங்குபற்றியவை ஏழு அணிகளே. இந்த அட்டவணையைக் காட்ட எந்த ஒப்பனையும் தேவையில்லை. ஆனால், அதை வெல்ல எந்த நாயகனாலும் இயலாது. அமைப்பும் போராட்டமும் வேண்டும். அதனாலேயே வணிகத் திரை அதன் பக்கம் திரும்புவதில்லை.

ஜேர்மனியைச் சொர்க்கமென்று காட்டுவது நம் நோக்கமன்று. 1955 ஜூலை 30 ஆம் திகதி மேற்கு ஜேர்மனியின் உதைபந்தாட்டச் சங்கம் தன் கழகங்கள் பெண்கள் பிரிவுகளை வைத்திருப்பதையும் தம் மைதானங்களைப் பெண்களுக்கு வழங்குவதையும் தடை செய்தது. பெண்ணுடலுக்கும் பெண்மைக்கும் தீங்கு என்பது சொல்லப்பட்ட காரணம். 1970 ஒக்டோபர் 31 வரை அத்தடை நீடித்தது. தடை நீங்கியபோதும் குறைந்த நேர ஆட்டம், நீண்ட குளிர்கால ஓய்வு என்று 'மெல்லியலாருக்கு' ஏற்ற விதிகள் விதிக்கப்பட்டன. 1989 இல் ஐரோப்பிய வாகையை வென்ற ஜேர்மன் பெண்களுக்குச் சங்கம் வழங்கிய பரிசு, ஒரு கோப்பித் தட்டுமுட்டுத் தொகுதி. உலகை வென்றாலும் அடுக்களைக்கே திரும்பு என்பதை இதைவிடத் தெளிவாகக் கூற எந்தப் பிற்போக்காளனாலும் முடியாது.

முற்போக்காளர்கள் என்று நம்மை அழைத்துக்கொள்ளும் நாம், கிழக்கு ஜேர்மனியையும் நேர்மையோடு நோக்க வேண்டும். அங்கே தடை இல்லை. 1971 இல் பொட்ஸ்டாம் நகரின் மின்துறைத் தொழிலாளர் விளையாட்டுக் கழகத்தில் பெண்கள் பிரிவு தோன்றியது. 'டர்பைன் பொட்ஸ்டாம்' என்ற பெயரே தொழிற்கூடத்தை நினைவூட்டும். ஆனால், ஒலிம்பிக் பதக்கம் தராத விளையாட்டென்பதால் அரசு அதை ஊக்குவிக்கவுமில்லை. கிழக்கு ஜேர்மன் பெண்கள் தேசிய அணி தன் வாழ்நாளில் ஆடிய ஆட்டம் ஒன்றே ஒன்று: 1990 மே 9, பொட்ஸ்டாமில், செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராக, சுழியத்துக்கு மூன்று என்று தோற்றது. பெண்ணின் விளையாட்டைப் பதக்கக் கணக்கால் மட்டும் அளந்த இடத்தில், சோசலிசம் என்ற பெயரும் அவளுக்கு உதவவில்லை.

ஆயினும் அத்தொழிற்கூட வித்து வாடிவிடவில்லை. ஒன்றுபட்ட ஜேர்மனியில் டர்பைன் பொட்ஸ்டாம் 2004 க்கும் 2012 க்கும் இடையில் ஆறு முறை வாகை சூடியது. பின்னர் ஆண்களின் பெருங்கழகங்கள் தம் செல்வத்தோடு பெண்கள் லீக்குக்குள் புகுந்தன. 2013 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் வென்றவை வொல்ஃப்ஸ்பேர்க்கும் பயேர்ண் மியூனிக்கும் மட்டுமே. முன்னதன் பின்னால் நிற்பது மோட்டார்த் தொழிற்பேரமைப்பு. பொட்ஸ்டாமோ 2023 இல் முதற்பிரிவிலிருந்து வீழ்ந்து, 2024 இல் மீண்டு, 2025 இல் மறுபடி வீழ்ந்தது. சம்பளமும் வசதியும் பெருகின என்பது உண்மை. அவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால், புறக்கணிப்பின் காலத்தில் ஆட்டத்தைச் சுமந்தவர்கள், இலாபத்தின் காலத்தில் வெளியே நிற்கின்றனர் என்பதும் உண்மை.

இங்கிலாந்தின் அனுபவம் இன்னும் கூர்மையானது. முதல் உலகப் போரில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் உழைத்த பெண்கள் அணிகளாகத் திரண்டனர். 1920 டிசெம்பர் 26 இல் லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்களது ஆட்டத்தைக் கண்டவர்கள் ஏறத்தாழ 53,000 பேர். 1921 இல் கதவடைப்புக்குள்ளான சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காகவும் அப்பெண்கள் ஆடி நிதி திரட்டினர். அவ்வாண்டு டிசெம்பரிலேயே ஆங்கிலச் சங்கம் தன் மைதானங்களின் கதவுகளைப் பெண்களுக்குச் சாத்தியது; அக்கதவு திறக்க அரை நூற்றாண்டு சென்றது. பெண் பலவீனமானவள் என்பதனாலா இந்தத் தடை? ஐம்பதாயிரம் பேரைத் திரட்டும் வல்லமை அவளிடம் இருந்ததனாலேயே இத்தடை.

தெமட்டகொடையில் வாழும் நமக்கு இவை தொலைதூரச் செய்திகள் அல்ல. பேஸ்லைன் வீதியின் இருமருங்கிலும், புகையிரதத் தளத்தின் ஓரத்திலும், குறுகிய தோட்டங்களில் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். குடிசைகளை அகற்றி எழுப்பப்பட்ட மிகிந்துசென்புர போன்ற தொடர்மாடிகளில் வீடு உண்டு. ஓடுவதற்கு வெளி அரிது. கிடைக்கும் சிறு வெளியையும் பையன்களே ஆள்கின்றனர். சுகததாச விளையாட்டரங்கு அருகிலேயே உள்ளது. ஆனால், பன்னிரண்டு வயதைக் கடந்த தமிழ், முஸ்லிம், சிங்களச் சிறுமிக்கு அது வேறொரு கண்டத்தில் உள்ளது. அவளுடைய மாலை வேளை தம்பியருக்கும் சமையலுக்கும் பிரத்தியேக வகுப்புக்கும் பங்கிடப்பட்டுவிட்டது.

2012 இல் தென்னாசியப் பெண்கள் வாகைப் போட்டி இதே கொழும்பில் நடந்தேறியது. 2023 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை நம் நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனம் சர்வதேசச் சம்மேளனத்தால் இடைநிறுத்தப்பட்டிருந்தது. நிர்வாகக் கதிரைச் சண்டையின் விலையை ஆட்டக்காரர்களே செலுத்தினர். இத்தனைக்கும் நடுவில், போரால் பல்லாண்டுகள் தன் சொந்த மண்ணை விட்டு இடம்பெயர்ந்திருந்த தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவியர் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் வாகை சூடியுள்ளனர். அங்கே மந்திரம் எதுவும் நிகழவில்லை. பந்தும் மைதானமும் நேரமும் இருந்தன. பெற்றோரைச் சந்தித்துப் பேசிய ஆசிரியர்கள் இருந்தனர். மூத்த மாணவியிடமிருந்து இளையவள் கற்ற மரபு இருந்தது.

ஆகவே 'பிகில்' மீது நாம் சுமத்தும் குற்றம், அது உணர்ச்சியை மிகைப்படுத்தியது என்பதன்று. பெண்களின் ஆட்டத்துக்குத் தேவையான எளிய பொருட்களை மறைத்து, அவற்றின் இடத்தில் ஒரு மாமனிதரை நிறுத்தியது என்பதே. மாமனிதருக்காகக் காத்திருக்கும் சமுதாயம், மைதானத்தைக் கேட்பதில்லை. சம்பளத்தைக் கேட்பதில்லை. பருவம் ஏன் பதினெட்டு நாளில் முடிகிறது என்று கேட்பதில்லை. படம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுச் சிறுமியைப் பாத்திரம் கழுவ அழைக்கிறது. நல்ல கலை நம்மை அழவைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவதோடு நிற்காது. வீட்டில் அடுத்த கேள்வியைக் கேட்க வைக்கும்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் கேட்பது பெரிதன்று. உங்கள் பாடசாலையின் நேர அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மைதானம் வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவியருக்கு உரியது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் உரக்கச் சொல்லுங்கள். பெண்களின் உதைபந்தாட்டத்தைப் பற்றிய உண்மையான விமர்சனம் அங்கேதான் தொடங்குகிறது.