பேதகங்களும் பந்தியும்

சபை மலர் கைக்கு வந்ததும் நாம் முதலில் பார்ப்பது நம் படம் எத்தனையாவது பக்கத்தில் வந்திருக்கிறது என்பதை. அடுத்து, அதற்கு முந்தின பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதை. மலர்க் குழுவில் ஒரு தடவையாவது வேலை செய்தவர்களுக்கு இது தெரியும்: கட்டுரைகளை வாங்க ஒரு வாரம் போதும், படங்களின் வரிசையை முடிவு செய்ய ஒரு மாதம் ஆகும். பொறாமையைப் பற்றி எழுதச் சொன்னபோது எனக்கு அந்த வரிசைதான் நினைவுக்கு வந்தது.

கொரிந்து சபையின் தகராறும் பெயர்களில்தான் ஆரம்பித்தது. பவுலின் ஆள், அப்பொல்லோவின் ஆள், கேபாவின் ஆள் என்று ஆளுக்கொரு கட்சி. கிறிஸ்துவின் ஆள் என்று சொல்லி நாலாவதாக ஒரு கட்சி. குலோவேயாளின் வீட்டார் சொல்லித்தான் பவுலுக்கு இது தெரிய வந்தது. அவர் இதற்கு உபயோகிக்கும் கிரேக்கச் சொல்லுக்குப் பொறாமை என்றும் பொருள், பக்தி வைராக்கியம் என்றும் பொருள். நம் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் கொரிந்தியரில் அதைப் பொறாமை என்றும், யாக்கோபு நிருபத்தில் கசப்பான வைராக்கியம் என்றும் போட்டார்கள். இரண்டும் ஒரே வேரில் நிற்கின்றன என்பது மூலத்தைப் பார்த்தால்தான் விளங்கும். சபைச் சண்டையில் இறங்குகிற யாரும் தனக்குப் பொறாமை என்று ஒப்புக்கொள்வதில்லை. கர்த்தருக்காக வைராக்கியம் என்றுதான் சொல்வார்கள்.

சுமார் நாற்பது வருஷம் கழித்து அதே கொரிந்துவில் மறுபடியும் கலகம். இம்முறை மூப்பர்களைச் சபையாரே பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அதைக் குறித்து ரோமாபுரிச் சபை எழுதிய நிருபம், கிளெமெந்துவின் பெயரால் இன்றும் இருக்கிறது. காயீனில் தொடங்கி, யோசேப்பின் சகோதரர்கள், மிரியாம், சவுல் என்று பொறாமையின் வம்ச வரலாறு ஒன்றை அது அடுக்குகிறது. பேதுருவும் பவுலும் பட்ட பாடுகளுக்கும் பொறாமைதான் காரணம் என்று முடிக்கிறது. கட்டளை போடுவதற்கு முன்னால் நோயின் சரித்திரத்தைச் சொல்கிற வைத்தியர் மாதிரி.

நோயை அறிவதில் பெரிய வேலை செய்தவர்கள் ஆதித் திருச்சபைப் பிதாக்கள். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் பேராயர் சிப்ரியான், பொறாமைக்கென்றே தனி நூல் எழுதினார். மற்றப் பாவங்களுக்கு ஒரு முடிவு உண்டு, திருடினவனுக்குத் திருட்டு முடிந்துபோகிறது, பொறாமைக்கு மட்டும் முடிவே இல்லை என்பது அவர் வாதம். அடுத்த நூற்றாண்டில் செசரியா பேராயர் பசிலியார் இன்னும் கூர்மையாகப் பார்த்தார்: தூர தேசத்தானைப் பார்த்து யாருக்கும் பொறாமை வராது, அண்டை வீட்டுக்காரன், அதே தொழில் செய்கிறவன், சொந்தக்காரன், இவர்கள் மேல்தான் வரும். பாடகர் குழுவில் ஆல்ட்டோவுக்கு டெனர் மேல் பொறாமை வந்து நான் பார்த்ததில்லை. இரண்டு சொப்ரானோக்களை அடுத்தடுத்து நிறுத்திப் பாருங்கள்.

ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பரசர் கிரகோரியார் தலையான பாவங்களின் பட்டியலைத் திருத்தி எழுதினார். பாலைவனத் துறவிகள் தந்த பழைய எட்டில் பொறாமைக்கு இடம் இருக்கவில்லை. ஒண்டியாகக் குகையில் இருந்தவருக்கு யார் மேல் பொறாமைப்படுவது என்று நான் நினைப்பதுண்டு. அது என் ஊகம்தான். கிரகோரியார் அதைப் பட்டியலில் ஏற்றினார். பகை, கோள், அவதூறு, அடுத்தவன் கஷ்டத்தில் சந்தோஷம், அவன் வாழ்வில் துக்கம் என்று அதற்கு ஐந்து பிள்ளைகளையும் சொன்னார். 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் கடைசிப் பிள்ளையையே இலக்கணமாக்கினார்: பொறாமை என்பது பிறன் நன்மையைக் கண்டு வரும் துக்கம். நமக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பொறாமை என்கிற சொல்லே பொறுக்க முடியாமைதானே.

அறிந்தது சரி, மருந்து? இங்கேதான் மரபு பல வழிகளாகப் பிரிகிறது. என் அபிப்பிராயத்தில், மனத்தை மட்டும் திருத்தப் பார்த்தவர்களைவிட, உட்காரும் இடத்தையும் பேசும் வாயையும் ஒழுங்கு பண்ணியவர்கள்தான் அதிக தூரம் போனார்கள்.

ஆசீர்வாதப்பர் என்று நம் கத்தோலிக்கச் சகோதரர்கள் அழைக்கும் புனித பெனடிக்டின் ஒழுங்குநூலைப் பாருங்கள். மடத்தில் யார் முன்னே, யார் பின்னே? வந்த நேரப்படி. ஒரு மணி முன்னால் வந்து சேர்ந்தவர் முன்னவர். வயதும் பழைய பதவியும் செல்லாது. மடத்துத் தலைவர் தகுந்த காரணத்தோடு மாற்றலாம், அவ்வளவுதான். துணைத் தலைவர் பதவியைப் பற்றிய அதிகாரத்தில் அவருக்குப் பயமே தெரிகிறது: தலைவரை நியமித்தவரே துணைத் தலைவரையும் நியமித்தால், இவர் தன்னை இன்னொரு தலைவராக நினைத்துக்கொள்வார், உடனே பொறாமையும் கட்சியும் வந்துவிடும். 6ஆம் நூற்றாண்டு இத்தாலியில் எழுதியது. நம் கவுன்சில் தேர்தலைப் பார்த்துவிட்டு எழுதியது போல இருக்கிறது. காலை, மாலை ஆராதனைகளின் முடிவில் கர்த்தருடைய ஜெபத்தைத் தலைவர் எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும் என்றும் விதித்தார். முளைக்கிற முட்களை மன்னிப்பின் விண்ணப்பம் தினமும் இருவேளை பிடுங்கிப் போட வேண்டும் என்பது காரணம்.

ஜெர்மனியின் சக்சோனியில் ஹெர்ன்ஹூட் ஊர் எடுத்தது வேறு பாதை. 1722 முதல் அங்கே மொராவிய அகதிகள் குடியேறினார்கள். லுத்தரன்காரரும் மற்றவர்களும் சேர்ந்து ஐந்து வருஷத்தில் ஊர் சண்டைக்காடாகிவிட்டது. நிலத்துக்குச் சொந்தக்காரரான சின்சென்டார்ஃப் பிரபு டிரெஸ்டன் அரசாங்க வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, வீடு வீடாகப் போய்ப் பேசினார். 1727 மே 12இல் ஊருக்கு ஒரு ஒழுங்குமுறை; ஆகஸ்ட் 13இல் சண்டையிட்டவர்களை ஒன்றாக்கிய ஒரு திருவிருந்து. அந்தத் திருவிருந்தைத்தான் எல்லாரும் பிரசங்கத்தில் சொல்கிறார்கள். மூன்று மாதம் முன்னால் வந்த ஒழுங்குமுறையைச் சொல்லுகிறவர்கள் குறைவு. இதே மொராவியர் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்தபோது, ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து அங்கே முன்பே வந்திருந்த லுத்தரன் மிஷனெரிகளோடு ஒத்துப்போக முடியவில்லை. வீட்டில் தேறின பாடம் கப்பலேறி வரவில்லை.

வாய்க்குக் கட்டுப்பாடு வைத்தவர் ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோஃபர். 1935 முதல் 1937இல் கெஸ்டபோ மூடும் வரை அவர் நடத்திய ஃபின்கென்வால்டே குருமடத்தில் ஒரு விதி இருந்தது: இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசக்கூடாது, பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். நான் இதை ஒரு வாரம் கடைப்பிடித்துப் பார்த்தேன். இரண்டாம் நாளிலேயே பேசுவதற்கு விஷயம் இல்லாமல் போனது.

நம் தமிழ்ச் சபைக்கு வந்தால் கதை கடினமாகிறது. இங்கே பேதகம் மனத்தில் மட்டும் இருக்கவில்லை, பாயிலும் பாத்திரத்திலும் இருந்தது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவிட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். நாம் இன்றும் பாடும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயக சாஸ்திரியாரே அந்தச் சீர்திருத்தத்தை எதிர்த்து எழுதியவர். பாட்டுக்காக அவரை நேசிக்கிறோம். இதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகக் கத்தோலிக்கக் கோயிலே கட்டப்பட்டது. நடுவே இருந்த தடுப்பு போனது 20ஆம் நூற்றாண்டில்தான்.

சபைப் பிரிவுகளின் கதை கொஞ்சம் நன்றாக முடிந்தது. 1919 மேயில், மொராவியரும் ஹாலேக்காரரும் மோதின அதே தரங்கம்பாடியில், வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா முன்னின்று, 33 பேர் சபைகளை ஒன்றாக்கும் ஐக்கிய அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். பேச்சுவார்த்தை 28 வருஷம் ஓடியது. 1945 ஜனவரி முதல் தேதி அசரியா காலமானார். தென்னிந்தியத் திருச்சபை சென்னையில் 1947 செப்டம்பர் 27இல் பிறந்தது. அதிலும் எல்லாரும் உடனே சேர்ந்துவிடவில்லை: நந்தியாலா ஆங்கிலிக்கன் சபையார் 1975 வரை வெளியே நின்றார்கள்.

எங்கள் பக்கத்தில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் உண்டு. பெரிய அண்டாக்களில் சோறு வெந்து, மரத்தடியில் பாய் விரிப்பார்கள். வந்தவர் வந்த வரிசையில் உட்கார வேண்டியதுதான். பெனடிக்ட் கண்டால் தலையாட்டுவார். ஒரு வருஷம், தேர்தலில் எதிரெதிர் அணியில் நின்று ஒன்றரை வருஷமாகப் பேசாதிருந்த இரண்டு பெரியவர்களுக்கு அடுத்தடுத்த இலை விழுந்தது. இருவரும் தலை நிமிரவில்லை. குழம்பு வாளி முதல் இலையைத் தாண்டிப் போகப் பார்த்தது. இரண்டாவது இலைக்காரர் வாளிக்காரப் பையனைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணாச்சிக்கு ஊத்தலையே, பாத்தியா?"