எழுத்தாளர் குழுவும் நன்னூலார் கூறும் காற்பங்கும்

எழுத்தாளர் குழுவிற் சேர்வோர் பலர்; சேர்ந்ததனால் எழுத்து வளரப்பெற்றோர் சிலர். இதன் காரணம் யாது என்பதை ஆராயப் பவணந்தியாரின் நன்னூல் துணைசெய்யும்.

பொதுப்பாயிரத்தில் பாடங்கேட்கும் முறையை விளக்குமிடத்து, நன்னூலார் புலமையைப் பங்கிட்டுக் காட்டுகின்றார். ஆசிரியர் உரைத்ததை முற்றக் கொண்டாலும் கிட்டுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும்.

இவ்வளவுகோல் கொண்டு மலாயாவில் நிகழ்ந்த இரு முயற்சிகளை நோக்குக. 1950இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். பின்னர் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பில் இருந்த கு. அழகிரிசாமி, கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் நடத்தினார். 1957இல் தமிழகம் திரும்பினார்.

முன்னதன் சிறப்பு, இதழ் சென்ற இடமெல்லாம் அது சென்றமை. தோட்டத்து லயத்தில் இருந்தவரும் பாடங்கேட்க வழி பிறந்தது. ஆயினும் அச்சில் வரும் பாடம் ஆசிரியர் தரும் காற்பங்கையே தரவல்லது. பின்னதோ உடன் பயில்வாரை நேரில் அமர்த்தியது. ஆனால் நகருக்கு வந்துபோகப் பொழுதும் பொருளும் இல்லாதவர்க்கு அது எட்டாக்கனி. எனவே இரண்டும் வேண்டற்பாலனவே. ஒன்று மற்றொன்றற்கு ஈடாகாது.

குழுவில் உண்மை பேசினால் புதியவர் மனம் உடையும், ஆதலின் பாராட்டே போதும் என்பார் உளர். பாராட்டு ஊக்கம் தரும் என்பது மெய்யே. ஆனால் எங்கே பிழைத்தது என்பதை அது சொல்லாது. 'கதை நன்றாயில்லை' என்பதும் அவ்வாறே பயனற்றது. நன்னூல் தொகுத்த பத்துக் குற்றங்கள் இங்கே உதவும். குடிகாரத் தந்தை ஒருவனைப் பற்றிய கதை குழுவில் வாசிக்கப்படுகின்றது என்க. அவன் மனைவியின் கண்ணீர் மும்முறை ஒரே வகையில் வருணிக்கப்பட்டால் அது கூறியது கூறல். விறுவிறுப்பாய்த் தொடங்கி, இறுதியில் காரணமின்றி அவன் திருந்திவிட்டால் அது சென்றுதேய்ந்திறுதல். இவ்வாறு சுட்டினால் எழுதியவரின் மனம் புண்படாது. திருத்தவேண்டிய இடமும் விளங்கும்.

இக்குற்றங்கள் நூலுக்கு வகுக்கப்பட்டவை. கதைக்கு முற்றும் பொருந்துமோ எனின், பொருந்தா. மயங்கவைத்தல் இலக்கண நூலிற் குற்றமாயினும், கதையில் உத்தியாதலும் உண்டு. அது வேண்டுமென்றே செய்யப்பட்டதா, அறியாமல் நேர்ந்ததா என ஆராய்வதே உறுப்பினர் கடன்.

இனி அரைப்பங்கு. தம் கதையை வாசித்து முடித்ததும் புறப்படுவோர் அதனை இழக்கின்றனர். பிறர் கதையை முன்கூட்டியே படித்து, அதன் நிறையும் குறையும் காரணத்தோடு எடுத்துரைப்பவரே அதனைப் பெறுவர். ஆசிரியத் தொழில் புரிவார்க்கு இது நாளும் பழகிய பணி. வகுப்பில் மாணவர் கட்டுரைக்குச் செலுத்தும் கவனத்தைக் குழுவில் தோழர் கதைக்கும் செலுத்துவாராயின், சிறு ஊரில் நால்வர் கூடும் கூட்டமும் எழுத்தாளரை உருவாக்கும். அக்கவனம் இல்லாதவிடத்து, உறுப்பினர் எண்ணிக்கை பெருகினும் எழுத்து பெருகாது.