பேரமும் போணியும்: எழுத்தில் தெரியாத ஒலி

சந்தைச் சொற்களைப் பற்றி எழுதும் நம் அறிஞர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்: இது தமிழ்ச் சொல்லா, வெளியிலிருந்து வந்ததா? வெளிமாநிலத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் நமக்கு வேறொரு கேள்விதான் முக்கியம். இந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது?

'பேரம்' என்பதையே எடுத்துக்கொள்வோம். ஊரில் பெரும்பாலோர் வாயில் இதன் முதலெழுத்து 'பல்' என்பதிலுள்ள ப அல்ல. 'கம்பம்' என்பதன் நடுவில் ஒலிக்கும் ப. தெலுங்கிலும் இச்சொல்லுக்கு இதே ஒலிதான். அங்கே அதற்குத் தனி எழுத்து உண்டு, நம்மிடம் இல்லை. தமிழைப் புத்தகத்தில் மட்டும் படித்த பிள்ளை 'பேரன்' என்பதைப் போலவே 'பேரம்' என்று வாசிக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் உறவுக்காரர்கள் சிரிக்கிறார்கள். அப்புறம் அது கடையில் வாயே திறப்பதில்லை.

பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. தமிழில் வல்லினம் சொல்லின் முதலில் அழுத்தமாகவும், மெல்லினத்தை அடுத்து வரும்போது இளகியும் ஒலிக்கும். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதைப் பேசியிருக்கிறார். பிள்ளை விதிப்படிதான் போகிறது. சொல்தான் விதிக்கு வெளியே நிற்கிறது.

என் குறை அகராதிமேல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936) மகத்தான உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அது தரும் ரோமன் வடிவம் எழுத்துக்கு எழுத்து மாற்றியதுதான், ஒலியைக் காட்டாது. பேரனுக்கும் பேரத்துக்கும் ஒரே 'பே'. பிறமொழிச் சொல்லின் மூலத்தைச் சொல்ல இடமிருந்த நூலில் அதன் ஒலியைச் சொல்லவும் இடம் கண்டிருக்கலாம்.

சில சொற்களில் நம் பிள்ளைகளுக்குத்தான் வசதி. காலையில் முதல் வியாபாரத்தை தில்லிக் கடைக்காரர் 'போஹ்னி' என்கிறார். நம் ஊர்க்காரர் 'போணி' என்கிறார். கரோல்பாக்கில் வளர்ந்த பிள்ளைக்கு ஒலியும் பொருளும் ஏற்கெனவே தெரியும். மராத்தியில் வாடிக்கையாளரைக் குறிக்கும் 'கிர்ஹாயிக்' மாட்டுங்காப் பிள்ளைகளுக்குப் பழக்கம்; நம் 'கிராக்கி' அதற்கு உறவு. தமிழில் அது 'வெங்காயத்துக்கு ஏகக் கிராக்கி' என்று பொருளின் தேவையையும் குறிக்கும், சென்னையில் 'சாவுகிராக்கி' என்று வசவாகவும் மாறும். இதன் முதலெழுத்து 'தங்கம்' என்பதன் நடுவிலுள்ள க.

இந்தச் சொற்களையெல்லாம் விலக்கிவிட்டால் தீர்ந்தது என்பார் சிலர். நான் ஒப்பவில்லை. பேரம் என்ற பெயர் வந்ததாக இருக்கலாம். பேரத்தை நடத்துகிற வினைகள் முழுக்க நம்முடையவை. விற்பவர் விலை 'சொல்கிறார்', வாங்குபவர் 'கேட்கிறார்'. "நீங்க என்ன விலைக்குக் கேக்கறீங்க?" என்றால் விலையை விசாரிப்பதல்ல, எவ்வளவு தரத் தயார் என்பது. இருவரும் இறங்கி வந்தால் விலை 'படிகிறது'. இல்லையென்றால், "கட்டுப்படியாகாதும்மா, வேற கடை பாருங்க." இந்தியிலோ ஆங்கிலத்திலோ யோசித்துத் தமிழாக்கும் பிள்ளைக்கு இந்தக் 'கேட்பது' பிடிபடவே செய்யாது, உச்சரிப்பைவிட இது கடினம். கூடவே, செய்தித்தாள் படிக்கும் பிள்ளைக்குப் பேரம் என்றாலே 'குதிரை பேரம்'தான் நினைவுக்கு வருகிறது. அது ஆங்கிலத் தொடரின் நேர்பெயர்ப்பு. கீரைக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒலிக்குப் புது எழுத்தெல்லாம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பாடத்தில் இப்படிப்பட்ட சொற்களின் முதலெழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்தால் போதும். பேரம், போணி, கிராக்கி மூன்றுக்கும் கோடு உண்டு. கொசுறுக்கு வேண்டாம், அதன் 'கொ' விதிப்படியே ஒலிக்கிறது. வெற்றிலையோடு வரும் பாக்குக்கும் வேண்டாம். கடைக்காரர் திருப்பித் தரவேண்டிய பாக்கிக்கு வேண்டும்.